சைக்கிள் திருத்தும் வகுப்பில் பிள்ளைகளை வழிநடத்தல்

விவசாயக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை பாடசாலைக்குப் போகுமுன்பே பல பாடங்களைப் படித்துவிடுகிறது. வரம்பில் வாப்பாவின் பின்னால் நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறது. உம்மாவின் பக்கத்தில் இருந்து நெல்லையும் பதரையும் பிரிக்கிறது. மண்வெட்டிக்குப் பிடி இறுக்குவதையும் அறுந்த கயிற்றை முடிவதையும் கையால் செய்து பழகுகிறது. "இது பாடம்" என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர் ஒருவரின் அருகில் நின்று, பார்த்து, செய்து, பிழைவிட்டு, மறுபடியும் செய்து பிள்ளை அறிவு பெறுகிறது.

ஒரு குடும்பம் இடம்பெயரும்போது வீடும் காணியும் மட்டும் கைவிட்டுப் போவதில்லை. இந்தக் கைப்பாடமும் போய்விடுகிறது. போர்க்காலத்தில் வயலை விட்டு வந்தவர்கள், 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளுக்குப் பின்னர் கரையை விட்டுப் புதிய வீட்டுத்திட்டங்களுக்கு வந்தவர்கள் என, அம்பாறைக் கரையோரத்தில் இடம் மாறி வாழும் குடும்பங்கள் பல. நெருக்கமான வீடுகள். முற்றம் இல்லை. தகப்பன் விடியற்காலையில் கூலிவேலைக்கோ தூரத்து வயலுக்கோ போய், இருட்டிய பின்னர் திரும்புகிறார். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பிள்ளை காண்பதே இல்லை. கருவி பிடிக்கவேண்டிய வயதில் கைகள் சும்மா இருக்கின்றன.

இழந்த காணியை நாம் ஒரு கட்டுரையால் திருப்பித் தர முடியாது. ஆனால் பெரியவர் பக்கத்தில் நின்று கையால் படிக்கும் பழக்கத்தை மீட்டுத் தர ஓர் எளிய வழி உண்டு. அது வாரத்தில் இரண்டு மணித்தியாலம் நடைபெறும் சைக்கிள் திருத்தும் வகுப்பு. அவ்வகுப்பை நடத்த முன்வரும் பெற்றோருக்கும் இளைஞருக்கும் ஆசிரியருக்கும் இப்பாடம் எழுதப்படுகிறது. சைக்கிளைத் திருத்துவது எப்படி என்பதை விட, பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குழப்பமில்லாமல் திருத்துவது எப்படி என்பதையே நாம் இங்கு கூடுதலாகப் பேசுகிறோம்.

ஏன் சைக்கிள்?

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எமது ஊர்கள் கடலோர வீதியை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. வயல்கள் மேற்கே கிடக்கின்றன. மேடு பள்ளம் குறைந்த நிலம். வயலுக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் சைக்கிளே ஏழையின் வாகனம். 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் மூலையில் கிடந்த பழைய சைக்கிளைத் தேடி எடுத்தார்கள்.

ஆனால் கடற்கரை, சைக்கிளுக்குப் பகை. உப்புக்காற்று செயினையும் கம்பிகளையும் துருப்பிடிக்கச் செய்கிறது. மணல் எண்ணெயோடு சேர்ந்து பற்களைத் தேய்க்கிறது. பராமரிப்பு இல்லாத சைக்கிள் சீக்கிரம் பழுதாகிறது. பழுதான சைக்கிளால் தகப்பனின் ஒரு நாள் கூலி போகிறது. பிள்ளையின் பாடசாலை நாளும் போகிறது.

கடற்கோளுக்குப் பின்னர் நடந்த ஒன்றையும் இங்கு நினைவுகூரலாம். 2005 ஆம் ஆண்டில் ஆரம்பமான வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு, வேர்ல்ட் விஷன் நிறுவனத்துடன் சேர்ந்து, இலங்கையில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கியது. பின்னர் ஆபிரிக்காவில் சாம்பியா நாட்டில் வேலை செய்தபோது, அவ்வமைப்பு சைக்கிள் கொடுப்பதுடன் நிற்கவில்லை. கிராமங்களிலேயே திருத்துநர்களையும் பயிற்றுவித்தது. இதில் எமக்கு ஒரு படிப்பினை உண்டு. கொடுக்கப்பட்ட பொருள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டுமானால், அதைத் திருத்தத் தெரிந்த கை ஊருக்குள் இருக்கவேண்டும்.

வகுப்புக்கு முன்னர் செய்யவேண்டியவை

1. நேரம்: சனிக்கிழமை காலை 8.30 முதல் 10.30 வரை பொருத்தமானது. குர்ஆன் மத்ரஸா, ரியூசன் வகுப்பு, தொழுகை நேரம் ஆகியவற்றுடன் மோதாத நேரத்தைப் பெற்றோருடன் பேசித் தீர்மானியுங்கள். நோன்பு காலத்தில் நேரத்தைக் குறையுங்கள் அல்லது வகுப்பை நிறுத்தி வையுங்கள்.

2. எண்ணிக்கை: ஒன்பது முதல் பன்னிரண்டு பிள்ளைகள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள். இதற்கு மேல் பிள்ளைகள் வந்தால் இரண்டாவது குழு அமையுங்கள். அனுதாபப்பட்டு எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

3. பெரியவர்கள்: இருவர் வேண்டும். ஒருவர் தொழில் தெரிந்தவர். ஊர்ச் சைக்கிள் கடைக்காரராக இருக்கலாம். மற்றவர் பிள்ளைகளைத் தெரிந்தவர்; பொறுமையுள்ள தாயோ, இளைஞரோ, முன்பள்ளி ஆசிரியையோ இருக்கலாம். முதலாமவர் சைக்கிளைப் பார்ப்பார். இரண்டாமவர் பிள்ளைகளைப் பார்ப்பார். ஒரே ஆள் இரண்டையும் பார்க்கப் போனால் சைக்கிளே வெல்லும், பிள்ளைகள் மறக்கப்படுவார்கள்.

4. சைக்கிள்கள்: மூன்று பேருக்கு ஒன்று. இவற்றில் இரண்டாவது ஓடாத பழைய சைக்கிளாக இருக்கட்டும். கழற்றிப் பழகும் வேலையை அதில் மட்டும் செய்யுங்கள். திங்கட்கிழமை தகப்பன் வயலுக்குப் போகவேண்டிய சைக்கிளில் பிள்ளைகள் கழற்றிப் பழகக்கூடாது. அது ஒரு குடும்பத்தின் சோறு.

5. கருவிகள்: ஸ்பனர் சில, குறடு, திருப்புளி, ரயர் கழற்றும் தகடுகள், பம்ப், தண்ணீர்ப் பேசன், மண்தாள், ஒட்டுத் துண்டுகள், சொலூஷன், பழந்துணி, எண்ணெய். ஒரு பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கரியால் வரைந்து, அதன் மேல் ஆணி அடித்துக் கருவியைத் தொங்கவிடுங்கள். எடுத்த இடம் வெறுமையாகத் தெரியும். காணாமற்போன கருவியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். யாரையும் சந்தேகிக்கவேண்டிய தேவை வராது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகள் இயல்பிலேயே குழப்படிக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கைவேலை வகுப்பைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். வேலை செய்யும் பிள்ளை குழப்படி செய்வதில்லை. அதன் பின்னால் நின்று, தன் முறை எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் பிள்ளைதான் அடுத்தவரைக் கிள்ளுகிறது, மணியை அடிக்கிறது, பெடலைச் சுற்றுகிறது. ஆகவே குழப்பத்தை அடக்க அதட்டல் தேவையில்லை. வெறுங்கையோடு யாரும் நிற்காதபடி வேலையைப் பங்கிட்டால் போதும்.

இதற்கு நாம் கூறும் முறை, மூன்று பேர் மூன்று வேலை என்பதாகும். ஒவ்வொரு சைக்கிளிலும்:

கைக்காரர்: இவர் மட்டுமே கருவியைப் பிடித்து வேலை செய்வார்.

கருவிக்காரர்: கேட்கும் கருவியைப் பெயர் சொல்லிக் கொடுப்பார், திரும்ப வாங்குவார். கழற்றிய நட்டுகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு துணியில் வரிசையாக வைப்பார்.

கணக்கர்: அடுத்த படி என்ன என்பதைச் சொல்வார். செய்ததைக் கொப்பியில் எழுதுவார் அல்லது படம் வரைவார்.

ஒவ்வொரு படி முடிந்ததும் இடம் மாறவேண்டும். தனது முறை சில நிமிடங்களில் வந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை பொறுமையாக இருக்கும். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை கணக்கராகும்போது படம் வரையட்டும். அதுவும் கணக்குத்தான்.

இன்னொரு ஒழுங்கு, மணி. பயிற்றுநர் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தால் எல்லோரும் கருவியைக் கீழே வைத்து, அவரைப் பார்க்கவேண்டும். முதல் நாள் வேலை தொடங்குமுன்பே இதை மூன்று நான்கு தடவை விளையாட்டாகப் பழக்குங்கள். பிறகு கத்தவேண்டி வராது. மணியை அடிக்கடி அடிக்கவும் வேண்டாம். தேவையில்லாமல் அடித்த மணிக்கு மதிப்பு இல்லை.

முதல் நாள் பாடம்: ரியூப் ஒட்டுதல்

முதல் நாளில் சைக்கிளின் வரலாறு, பாகங்களின் பெயர்கள் என்று ஒரு மணித்தியாலம் பேசவேண்டாம். பேச்சு பத்து நிமிடத்துக்கு மேற்படக்கூடாது. பிள்ளை வீட்டுக்குப் போகும்போது, "நான் ஒன்றைத் திருத்தினேன்" என்று சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அதற்கு ஏற்ற வேலை ரியூப் ஒட்டுதல். எல்லாப் படிகளையும் ஒரு தடவை செய்து காட்டுங்கள். பிறகு குழுக்களிடம் விடுங்கள்.

படி 1. ரயரின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்த்து ஆணி, முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று தேடுதல். இருந்தால் அந்த இடத்தைச் சோக்கால் அடையாளமிடுதல்.

படி 2. வால்வைக் கழற்றி மீதிக் காற்றை வெளியேற்றல். தகடுகளால் ரயரின் ஒரு பக்கத்தை றிம்முக்கு வெளியே எடுத்தல். திருப்புளியைப் பாவிக்க விடாதீர்கள். அது ரியூபைக் கிழிக்கும். தகடு இல்லாவிட்டால் மழுங்கிய கரண்டிப் பிடி போதும்.

படி 3. ரியூபை வெளியே எடுத்து, வால்வைத் திரும்பப் பூட்டி, காற்றடித்து, பேசன் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்திப் பார்த்தல். குமிழி வரும் இடமே ஓட்டை. ஒரு ஓட்டை கண்டவுடன் நிறுத்திவிடாமல், முழு ரியூபையும் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4. அடையாளமிட்டு, காற்றை இறக்கி, ஈரத்தைத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி மண்தாளால் தேய்த்தல்.

படி 5. சொலூஷனை மெல்லியதாகப் பூசி, ஏறக்குறைய ஐந்து நிமிடம் காயவிடுதல்.

படி 6. ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துதல்.

படி 7. ரயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றித் துடைத்துப் பார்த்தல். முள் அங்கேயே இருந்தால் துணி கொளுவும். வெறும் விரலால் தடவ விடாதீர்கள்.

படி 8. பூட்டி, காற்றடித்து, ஓட்டிப் பார்த்தல்.

இதில் ஐந்தாவது படியை நன்றாகக் கவனியுங்கள். வகுப்பு குழம்புவது இந்த ஐந்து நிமிடத்திலேதான். பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல் ஈரத்திலேயே ஒட்டுத் துண்டை வைத்துவிடுவார்கள். அது பிடிக்காது. ஆகவே அந்த ஐந்து நிமிடத்துக்கு வேறு வேலை தயாராக இருக்கவேண்டும். சக்கரத்தின் கம்பிகளை எண்ணச் சொல்லுங்கள். பழைய வகைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள் இருக்கும். பின்சக்கரத்துக்கு ஏன் கூடுதலான கம்பி என்று கேளுங்கள். பாரம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே யோசித்துச் சொல்வார்கள்.

அல்லது ஒரு கதை சொல்லுங்கள். காற்றடைத்த ரயரை 1888 ஆம் ஆண்டில் பயனுக்குக் கொண்டுவந்தவர் ஜோன் டன்லொப். அவர் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஒரு மிருக வைத்தியர். தனது சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்லு வீதியில் குலுங்காமல் ஓடவேண்டும் என்றே முதலில் அவர் அதைச் செய்தார். ஒரு பிள்ளைக்காகச் செய்த பொருள் உலகம் முழுவதும் பரவியது என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த செய்தி.

பெரியவரின் கை பின்னால் இருக்கட்டும்

தொழில் தெரிந்தவருக்கு மிகவும் கடினமான வேலை, சும்மா நிற்பது. பிள்ளை தடுமாறும்போது, "இங்க தாங்க" என்று கருவியைப் பறித்து அரை நிமிடத்தில் செய்து முடிக்க அவருடைய கை துடிக்கும். அப்படிச் செய்தால் சைக்கிள் திருத்தப்படும். ஆனால் பிள்ளை, "என்னால் முடியாது" என்ற பாடத்தைப் படித்துக்கொண்டு போகும். ஆகவே பயிற்றுநர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளட்டும். கேள்வியால் மட்டும் உதவட்டும்.

"மகன், எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"மகள், தண்ணியில இன்னொருக்கா அமத்திப் பாருங்க. குமிழி எங்கால வருது?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருங்கள். ஆபத்து வரும் இடத்தில் மட்டும் கையை நீட்டுங்கள்.

வேலை சரியா பிழையா என்பதையும் பயிற்றுநர் சொல்லவேண்டியதில்லை. குமிழி வராவிட்டால் ஒட்டு பிடித்துவிட்டது. வந்தால் பிடிக்கவில்லை. இதை நாம் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம். பாடசாலை மாறி மாறிப் படித்ததால் வகுப்பில் பின்தங்கிப்போன பிள்ளைகள் எமது குடும்பங்களில் உண்டு. புள்ளி குறைந்தவர் என்று பலமுறை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, யாரும் புள்ளி போடாமல் தானே வெற்றியைக் காணும் ஓர் இடம் இங்கே கிடைக்கிறது. ஒட்டு பிடிக்காவிட்டால் அது அவமானம் அல்ல. மீண்டும் தேய்த்து, மீண்டும் பூசலாம்.

ஆறு வாரப் பாடத்திட்டம்

முதலாம் வாரம்: ரியூப் ஒட்டுதல்.

இரண்டாம் வாரம்: துரு எடுத்தலும் எண்ணெய் இடுதலும். செயினை உலர்ந்த துணியாலும், பின்னர் சிறிது மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் துடைத்து, காய்ந்த பின்னர் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். எமது கரையில் கூடுதலான எண்ணெய் நன்மை செய்யாது. அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம்: பிறேக். கட்டை தேய்ந்துள்ளதா, றிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்தல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் பிறேக்கைப் பிடித்துச் சோதித்தல்.

நான்காம் வாரம்: நட்டு இறுக்குதலும் பெடல் மாற்றுதலும். இங்கே ஒரு புதிர் வையுங்கள். வலப்பக்கப் பெடல் வழக்கமான திசையில் இறுகும். இடப்பக்கப் பெடல் எதிர்த்திசையில் இறுகும். ஏனென்று முதலில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் முயன்று, களைத்து, காரணம் கேட்கட்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி மரை வெட்டியிருந்தால், மிதிக்க மிதிக்க ஒரு பக்கப் பெடல் தானாகக் கழன்றுவிடும் என்பதே விடை.

ஐந்தாம் வாரம்: அளத்தல். றிம்மில் சோக்கால் அடையாளமிட்டு, சக்கரத்தை ஒரு சுற்று உருட்டி, தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். 28 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 2.2 மீற்றர் போகும். அப்படியானால் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை சுற்று? ஏறக்குறைய 455. முன்பல்லையும் பின்பல்லையும் எண்ணி, பெடலை ஒருமுறை சுற்றினால் சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்றும் கணக்கிடலாம். பாடசாலையில் கசக்கும் வகுத்தல் இங்கே பயன்படுகிறது.

ஆறாம் வாரம்: முழுச் சோதனை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் சைக்கிளைக் கொண்டுவந்து, பெற்றோரின் முன்னிலையில் காற்று, பிறேக், செயின், நட்டு, பெடல், ஹாண்டில் ஆகிய ஆறு இடங்களையும் சோதித்துக் காட்டவேண்டும்.

ஹப்பைத் திறந்து குண்டுகளை மாற்றுவதை இந்த ஆறு வாரத்தில் சேர்க்கவேண்டாம். ஒரு குண்டு மணலில் விழுந்தால் தேடி எடுப்பது கடினம். அது இரண்டாம் கட்டப் பாடம்.

பாதுகாப்பு

இவ்வகுப்பில் பெரிய ஆபத்து, செயினுக்கும் பல்லுக்கும் இடையில் விரல் அகப்படுவதாகும். பெடலைச் சுற்றப்போகும் பிள்ளை "சுத்தப்போறேன்" என்று சொல்லவேண்டும். மற்ற இருவரும் கையை எடுத்து "சரி" என்று சொன்ன பின்னரே சுற்றவேண்டும். இந்த விதிக்கு விலக்கு இல்லை. மீறியவர் அன்றைக்கு மிகுதி நேரம் கணக்கராக மட்டும் இருக்கட்டும்.

சொலூஷன் பெரியவர் கையிலேயே இருக்கவேண்டும். அதன் வாசனையை முகர்வது உடலுக்குக் கேடு. திறந்த வெளியிலேயே பாவியுங்கள். முடிந்ததும் எண்ணி, பூட்டி வையுங்கள். மண்ணெண்ணெயைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தொங்கும் உடையையும் தலைத்துணியின் முனையையும் முடிந்து கொள்ளச் செய்யுங்கள். முடிவில் எல்லோரும் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும்.

குழப்படி செய்யும் பிள்ளையும் ஒதுங்கி நிற்கும் பிள்ளையும்

எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் ஒரு பிள்ளை கருவியைச் சுழற்றும், மற்றவரைச் சீண்டும். எல்லோர் முன்னிலையிலும் ஏசாதீர்கள். அடிப்பது முற்றாகக் கூடாது. அருகில் போய் மெல்லிய குரலில் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். "மகன், இண்டைக்குக் கருவிப் பலகை உங்கட பொறுப்பு. முடியக்க எண்ணிச் சொல்லுங்க." பல பிள்ளைகளுக்கு வேண்டியது கவனம். அதைப் பொறுப்பாகக் கொடுத்தால் குழப்படியாகத் தேடமாட்டார்கள்.

ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கவனிப்பது இதைவிடக் கடினம். அது தொந்தரவு தராததால் மறக்கப்பட்டுவிடும். புதிதாகக் குடிவந்த குடும்பத்தின் பிள்ளையாகவும் இருக்கலாம். அதைக் கட்டாயப்படுத்தி நடுவில் நிறுத்தாதீர்கள். கருவிக்காரராகத் தொடங்கட்டும். கருவி கொடுக்கும்போது இரண்டு சொல் பேசவேண்டி வரும். அது போதும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கை தானாக முன்னே வரும்.

குழுக்களை அமைக்கும்போது ஒரே தெருப் பிள்ளைகளையும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வீட்டுத்திட்டத்துப் பிள்ளையும் பழைய ஊர்ப் பிள்ளையும் ஒரே ரியூபைப் பிடிக்கட்டும். அயல் தமிழ்க் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் வந்தால் அவர்களையும் கலந்து அமர்த்துங்கள். ஒட்டுப் போடும்போது யார் எந்த ஊர் என்று பேச நேரம் இராது.

பெண் பிள்ளைகள்

"பொம்பிளப் பிள்ளைக்கு ஏன் இது?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குத் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கு அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஆதரவு கொடுக்க, எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். வயல் வேலை செய்யும் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், ஆசிரியைகள், முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமற்போனபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முதலில் கேலி செய்தவர்களும் பின்னர் பழகிப்போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியதன் மூலம் உலகம் அறிந்தது.

எமது ஊர்களில் பெண் பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலைக்குப் போவது புதிதல்ல. ஆனால் வழியில் காற்றுப் போனால் தம்பியையோ காக்காவையோ தேடவேண்டியிருக்கிறது. சொந்தமாக ஒட்டுப் போடத் தெரிந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. பெற்றோர் விரும்பினால் பெண் பிள்ளைகளுக்குத் தனிக்குழு அமைத்து, ஒரு தாயைப் பொறுப்பாக வையுங்கள். பாடத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

படிப்பா, வேலையா?

பெற்றோரின் இன்னொரு பயத்தையும் நாம் மதிக்கவேண்டும். "எங்கட புள்ளயச் சைக்கிள் கடைக்கா அனுப்பப் போறீங்க?" காணி இழந்த தகப்பன், மகனாவது படித்து உத்தியோகம் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். இலங்கையில் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் தொழில் முன்னிலைப் பாடங்கள் பாடசாலைக்குள் வந்தபோதும் இதே பயம் எழுந்தது. 1977 இன் பின்னர் அவை கைவிடப்பட்டன.

இவ்வகுப்பு பிள்ளையைப் படிப்பிலிருந்து பிரிப்பதற்கல்ல. 2013 ஆம் ஆண்டு முதல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை உள்ளது. கையால் இயந்திரம் அறிந்த பிள்ளைக்கு அங்கே வழி உண்டு. உலகில் முதன்முதலாக 1903 ஆம் ஆண்டில் இயந்திர விமானம் ஓட்டிய ரைட் சகோதரர் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லலாம்.

ஆனால் ஒரு எல்லைக்கோடு தேவை. வகுப்பில் ஊராரின் சைக்கிளைக் காசுக்குத் திருத்தக்கூடாது. பிள்ளைகள் கெட்டிக்காரர் ஆனதும், "இதையும் ஒருக்காப் பாருங்க தம்பி" என்று வேலை வந்து குவியும். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 ஆம் ஆண்டில் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டத்துக்காக மட்டுமல்ல, பிள்ளைக்காகவும் இதைக் காப்பாற்றுங்கள். வகுப்பினால் பாடசாலை நாள் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

உழைப்புக்குப் பலன் வேண்டாமா என்றால், வேறு வழி உண்டு. அமெரிக்காவில் 1984 இல் தொடங்கிய பைக்ஸ் நொட் பொம்ப்ஸ் என்ற அமைப்பில், பிள்ளைகள் பழைய சைக்கிளைத் திருத்தப் பழகி, முடிவில் ஒரு சைக்கிளைத் தமக்கென்று சம்பாதித்துக் கொள்கிறார்கள். நாமும் உடைந்த இரண்டு மூன்று சைக்கிள்களிலிருந்து ஒன்றைச் செய்து முடிக்கலாம். அது யாருக்கு என்பதை மட்டும் முதல் நாளிலேயே எல்லோர் முன்னிலையிலும் தீர்மானியுங்கள். பாடசாலைக்குத் தூரம் நடக்கும் பிள்ளைக்கு என்று பிள்ளைகளே முடிவு செய்யக்கூடும். கடைசி நாளில் பெரியவர்கள் முடிவு செய்தால் மனவருத்தமே மிஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆறாம் வாரத்தில் பிள்ளை உங்கள் சைக்கிளைச் சோதிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் அப்போது சொல்லிக் கொடுங்கள். மண்வெட்டிக்குப் பிடி போட்ட கை, நட்டு எவ்வளவு இறுகவேண்டும் என்பதையும் அறியும். வயல் இல்லாவிட்டாலும் உங்கள் கையில் உள்ள அறிவு போய்விடவில்லை. அதைப் பிள்ளைக்குக் கொடுக்க வாரத்தில் இரண்டு மணித்தியாலமும் ஒரு பழைய சைக்கிளும் போதுமானவை.

குழுக் கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. எமது பிள்ளைகள் எம்மிடமிருந்து கையால் படித்த வேலைகள் எவை? இடம்பெயர்ந்த பின்னர் அவற்றுள் எவை நின்றுபோயின?

2. எமது தெருவில் ஓடாமல் கிடக்கும் சைக்கிள்கள் எத்தனை? ஒவ்வொன்றிலும் உள்ள பழுது என்ன?

3. வகுப்பு நடத்தத் தொழில் தெரிந்த ஒருவரும் பிள்ளைகளைத் தெரிந்த ஒருவரும் எம்மிடையே யார்?

4. பெண் பிள்ளைகள் சேர்வதற்குத் தடையாக இருப்பவை எவை? அவற்றை எப்படி நீக்கலாம்?

5. பிள்ளைகள் திருத்திச் சேர்க்கும் முதற் சைக்கிள் யாருக்குச் சேரவேண்டும்? அதைத் தீர்மானிப்பவர் யார்?